எல்லோருக்கும் நல்லவரான மேனேஜர்

ஹபீப் முகம்மது ராவுத்தரின் பஸ் கம்பெனியில் டிக்கெட் சோதனைக்காரராகச் சேர்ந்து மேனேஜர் நாற்காலிவரை வந்தவர் பவுல்பாண்டியன். சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஷெட். அதன் ஓரத்தில் அவருடைய அறை. யாரும் தன்னைக் குறை சொல்லிவிடக் கூடாது என்பதுதான் மனிதருக்கு வாழ்நாள் ஆசை. டிரைவர், கண்டக்டர் நாற்பது பேரை மேய்க்கிற வேலைக்கு வந்தவருக்கு இப்படியொரு ஆசை!

எழுபத்தொன்பதாம் வருஷம் முதலாளி அவரை மதுரைக்கு நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பினார். கோட்டு போட்ட ஒருவர் அங்கே, “தண்டிக்காதீர்கள், பேச வையுங்கள்” என்று சொல்லிக்கொடுத்தார். பவுல்பாண்டியனுக்கு அது வேதவாக்காகப் பட்டது.

திரும்பி வந்ததுமே பரீட்சையும் வந்தது. ஆடித்தபசு முடிந்த மறுநாள் திருவேங்கடம் பஸ்ஸில் ஒரு குழந்தை, திருவிழாவில் வாங்கிய ஊதலை ஊதிவிட்டது. கண்டக்டர்தான் விசில் கொடுத்தார் என்று டிரைவர் செல்லச்சாமி வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் சங்கரசுப்புவோ வழியில் ஒரு டீக்கடையில் கிளாஸும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். கரிசல் காட்டு வெயிலில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. சங்கரசுப்பு விசில் ஊதினால் செல்லச்சாமி காதில் வாங்குவதில்லை. ‘போலாம்’, ‘நிறுத்து’ என்று பயணிகளே கத்திக் கத்தி வண்டியை ஓட்டினார்கள்.

பவுல்பாண்டியன் செல்லச்சாமியைக் கூப்பிட்டு, “உங்க மேல தப்பே இல்ல” என்றார். பிறகு சங்கரசுப்புவைக் கூப்பிட்டு அதையே சொன்னார். பள்ளிக்கூடத்து டீச்சரான அவர் மனைவி ஞானதீபம் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப யாரு மேலதான் தப்பு?” என்றாள்.

“ஊதுன புள்ள மேலதான்.”

“அந்தப் புள்ளையவும் கூப்பிட்டு, உன் மேல தப்பில்லன்னு சொல்லிட்டு வாங்க.”

அவர் அசரவில்லை. ஷெட்டில் கூட்டம் போட்டு, வடை, டீ வாங்கி வைத்து, ஒருவரைப் பற்றி மற்றவர் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். செல்லச்சாமி வெகுநேரம் யோசித்தார். “டிக்கெட்ட நேரா கிழிப்பாரு.”

சங்கரசுப்பு எழுந்தார். “அவருக்கு நல்லா பிரேக் போடத் தெரியும். எங்கன போடணும்னுதான் தெரியாது.”

ஷெட்டே சிரித்தது. பவுல்பாண்டியனும் சிரித்து வைத்தார். மறுநாள் புது உத்தரவு போட்டார்: காலையில் வண்டி எடுக்குமுன் இருவரும் பயணிகள் எதிரே கைகூப்பி, “வணக்கம் அண்ணாச்சி” என்று ஒருவரையொருவர் வணங்க வேண்டும்.

ஊருக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது. திருவேங்கடம் போகாதவர்களும் அந்த நேரத்துக்கு பஸ் நிலையத்தில் வந்து நின்றார்கள். பூக்கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கைகூப்பிப் பழகினார்கள்.

தன் உத்தரவு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, பவுல்பாண்டியன் ஒருநாள் திருவேங்கடத்தில் அந்த வண்டியில் ஏறி, கடைசி சீட்டில் பருத்தி மூட்டைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார். வண்டி புறப்படுமுன் செல்லச்சாமியும் சங்கரசுப்புவும் ஒரே பீடிக்கட்டைப் பகிர்ந்தபடி வந்தார்கள். அவருக்கு மனசு குளிர்ந்தது.

“வே சங்கரசுப்பு, இந்த மேனேசர் கோட்டிக்கார மனுசன என்னவே செய்ய?”

“அவரு கெடக்காரு அண்ணாச்சி. மானத்த வாங்குதாரு. நாம ஒண்ணா நின்னாதான் இத நிப்பாட்ட முடியும்.”

ஊர் வந்து சேரும்வரை இருவரும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். அன்று விசில் பிசகவில்லை. வண்டி நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் நின்றது. பவுல்பாண்டியன் வடக்கு ரத வீதி முனையிலேயே இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் ராவுத்தர், “வே பவுலு, பூனையும் எலியுமா இருந்தவங்கள எப்படிவே சேத்து வச்சீரு?” என்று தட்டிக்கொடுத்தார். பவுல்பாண்டியன் உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் திட்டு வாங்க மனமில்லாமல் அந்த உத்தரவை ரத்து செய்தார். ஒரே வாரம்தான். யார் முதலில் டீ குடிக்கப் போவது என்று செல்லச்சாமியும் சங்கரசுப்புவும் மறுபடி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நல்லவராக இருக்கலாம், அல்லது வண்டி ஓடலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ஜெபம் பண்ணிவிட்டு, அடுத்த உத்தரவை எழுதி ஒட்டினார்: கோடையிலும் தொப்பி கட்டாயம். சாயங்காலத்துக்குள் ஷெட்டில் எல்லோரும் ஒரே மனதாக அவரைத் திட்டினார்கள். வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பின.

அதற்குப் பிறகு எப்போது சண்டை தலைதூக்கினாலும் ஒரு கிறுக்கு உத்தரவு ஒட்டப்படும். அவர் சர்வீஸில் வேலைநிறுத்தம் என்ற பேச்சே கிடையாது. வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போதுகூட டிரைவர் வீட்டுப் பெண்கள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பார்.

எண்பத்தெட்டில் ஓய்வுபெற்றபோது ஷெட்டில் மாலை போட்டார்கள். முதலாளி வற்புறுத்தவே செல்லச்சாமி மட்டும் பேசினார். “சார் இருந்த வரைக்கும் நாங்கல்லாம் ஒத்துமையா இருந்தோம்.”

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. பவுல்பாண்டியன் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.