ஆளில்லாத குதிரைகள்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், எங்கள் மலையைச் சரணாலயம் ஆக்கப்போகிறார்கள் என்றொரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. காட்டோரம் இருப்பவர்கள் கீழே இறங்கிவிட்டால் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிப் பக்கம் வீட்டுமனை கிடைக்கும் என்று அந்தப் பேச்சுக்கு ஒரு வாலும் முளைத்தது.

சித்தப்பாவுக்கு அந்த வால் பிடித்துப்போனது. அடிவாரத்தில் வாசலிலேயே பஸ் ஏறலாம், ஆஸ்பத்திரி பக்கம். அப்பாவுக்கோ இனாமாக எது வந்தாலும் சந்தேகம். ரேஷன் கடையில் பொங்கல் கரும்பு கொடுத்தால்கூட ஒடித்து முகர்ந்து பார்க்கிறவர். மிளகுத் தோட்டம் இருவருக்கும் பொது. ஒருவர் இறங்கி ஒருவர் இருக்க முடியாது. சுற்றியிருந்த நாலைந்து வீட்டுக்காரர்களும் அப்பா சொல்வதைத்தான் கேட்பார்கள்.

"சரணாலயம்னா என்னன்னு நம்ம கண்ணால பாத்துப்போட்டு வந்தர்லாம்" என்றார் அப்பா.

தை அமாவாசைக்குக் கடலில் முழுகப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு அப்பா, சித்தப்பா, நான் மூவரும் சரணாலயம் இருக்கிற கோடியக்கரைக்குப் பஸ் ஏறினோம். போர்டு படிக்க ஆள் வேண்டுமே என்றுதான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சரணாலய வாசலிலேயே அப்பா நின்றுவிட்டார். "காட்டுக்குள்ள போறதுக்குச் சீட்டா?"

"சினிமாவுக்கு வாங்கறோமில்லண்ணா, அப்படி நெனச்சுக்கோ" என்றார் சித்தப்பா.

வழிகாட்ட ஒரு வனக்காவலர் கூடவே வந்தார். கலகலப்பான மனிதர். மரங்கள் குட்டையாக இருந்தன. எங்கள் மரவள்ளிச் செடியைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். முறுக்கிய கொம்போடு வெளிமான்கள் துள்ளி ஓடியபோது நான் கத்தியே விட்டேன். அப்பா மானைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மலையில் எவ்வளவு அடர்ந்த காட்டில் நின்றாலும் எங்கிருந்தாவது ஒரு சேவல் கூவும். அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

"கோழிச் சத்தமே கேக்கலியே" என்றார்.

"ஏண்ணா, மான் பாக்கச் சீட்டு வாங்கிப்போட்டுக் கோழியத் தேடற?" என்று சித்தப்பா சிரித்தார். காவலரும் சிரித்தார்.

புல்வெளிக்கு வந்தோம். அங்கே குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. கயிறு கிடையாது, கடிவாளம் கிடையாது, விரட்ட ஆள் கிடையாது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏனுங்க, இதெல்லாம் யாரோட குதிரைங்க?" என்று அப்பா கேட்டார்.

"யாரோடதும் இல்லண்ணே. காட்டுக் குதிரைதான்."

"காட்டுல குதிரை ஏதுங்க?"

"என்னைக்கோ யாரோ வளத்ததுண்ணே. விட்டுட்டுப் போயிட்டாங்க. அதுவாப் பெருகிடுச்சு."

"வளத்தவங்க எங்கீங்க?"

"அது யாருக்குண்ணே தெரியும்? பழைய கதை."

"அவிங்களாப் போனாங்களா, போகச் சொன்னாங்களா?"

காவலருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்திருக்க வேண்டும். என் தோளைத் திருப்பி, "அங்க பாரு தம்பி, பூநாரை" என்றார். தூரத்துச் சேற்றுத் தண்ணீரில் ஒரு வரிசை ரோஜா நிறமாக அசைந்தது. சித்தப்பாகூட வாயைப் பிளந்தார். அப்பா மட்டும் திரும்பவில்லை. ஒரு பெட்டைக் குதிரையின் அருகே மெல்லப் போய், அதன் கழுத்தில் கயிற்றுத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தலைமுறை தாண்டிப் பிறந்ததோ, அதற்கேது தழும்பு? அது செருமிவிட்டு நகர்ந்தது.

திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று புகழ்ந்தபடி வந்தார்.

மறுநாள் பொழுது சாயும்போது அக்கம்பக்கத்தார் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கடலில் முழுகிய கதையை யாரும் நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது.

"என்னங்க பாத்தீங்க? எறங்கலாமா, வேண்டாமா?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாடு கன்னெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. கட்டி மேச்சவிங்கதான் ஒருத்தரும் இல்ல."

கோடி வீட்டுப் பெரியவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "அப்ப நாங்க எறங்கலைங்க" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். தரையைக் கீறிக்கொண்டிருந்த சித்தப்பாவும், "செரிண்ணா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை தூரம் போய் வந்து இப்படித் தப்பாகச் சொல்லலாமா?

"அங்க மாடே இல்லீங்க! குதிரைதான். நானே பாத்தேன்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா என்னை இழுத்து மடியில் இருத்திக்கொண்டு, "ஆமா சாமி, குதிரைதான்" என்றார்.

மாட்டுக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாத அப்பாவை ஊர் முன்னால் திருத்திவிட்ட பெருமையில், அன்றைக்கு நான் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கித் தின்றேன்.