மாவு மாத்திரை

பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். மருந்துச் சோதனையில் சேர வருகிறவர்களுக்குப் பத்தொன்பது பக்க ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டவேண்டும். ஆஸ்பத்திரியில் பேப்பரக்கா என்றால்தான் தெரியும். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு நாற்காலி, தொண்டை கட்டாத நாளே கிடையாது. பலருக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்கு. நாலாம் பக்கத்திலேயே கொட்டாவி விட்டு, "எங்க கையெழுத்து?" என்பார்கள். அவள் விடமாட்டாள். படித்து முடித்ததும் படிவத்தைக் கவிழ்த்து வைத்து, "நான் என்ன படிச்சேன்? இப்ப நீங்க சொல்லுங்க" என்பாள். டாக்டருக்கு இது தீராத தலைவலி.

அன்று எதிரே உட்கார்ந்தது அவளுடைய அண்ணன். முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். கைநடுக்கம். ஏதோ ஒரு மாத்திரையின் தயவில் கத்தி பிடிக்கிறார். சொந்தக்காரர் வந்தால் வேறு ஆள் படிக்கவேண்டும் என்பது விதி. அந்த வேறு ஆள் பிரசவ விடுப்பில்.

"இன்னைக்கோட சேர்க்கை முடியுது, ஒரு ஆள் குறையுது. படிங்கம்மா" என்றார் டாக்டர்.

மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. படித்தாள். கவிழ்த்தாள். கேட்டாள்.

அண்ணன் கடகடவென்று ஒப்பித்தார். "ஆறு மாசம். பழைய மாத்திரைய நிறுத்தணும். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

ஒரு எழுத்து பிசகவில்லை. வீட்டில் அவள் புலம்பலைக் கேட்டே பாடம் பண்ணிய மனிதர். டாக்டர் பேனாவை நீட்டிவிட்டார்.

"இருண்ணா. உனக்கு மாவு மாத்திரை வந்துட்டா? ஆறு மாசம் கடைய என்ன பண்ணுவ?"

அண்ணன் சிரித்தார். "எனக்கெப்படி வரும்? அது மத்தவங்களுக்கு. நீ இங்க எதுக்கு இருக்க?"

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், இவருக்குப் புரியல."

"எல்லாத்தையும் கரெக்டா சொன்னாரே!"

"சொன்னாரு. தனக்கும் அது பொருந்தும்னு நம்பல."

படித்துக் காட்டியவர் கையெழுத்துப் போடாத படிவம் செல்லாது. அவள் போடவில்லை. டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

அண்ணன் எழுந்தார். "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் தொண்டை கிழியப் படிச்சு மருந்து வாங்கித் தர்ற. கூடப் பிறந்தவனுக்குத் தர மனசு வரலையா?"

அழக்கூட அலுப்பாக இருந்தது அவளுக்கு. "யாருக்கு எது போகுதுன்னு எனக்கு நிஜமாவே தெரியாதுண்ணா."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பொய் சொல்லாத" என்றார்.