நினைவூட்டல் சேவை

மருத்துவமனையின் கணினி அறையில் அவளுக்குப் பச்சையக்கா என்று பெயர். சர்வரில் யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும் அறுபத்திரண்டு சேவை நிரல்களைக் கவனிப்பது அவள் வேலை. ஓடுகிறவை திரையில் பச்சை, நின்றவை சிவப்பு. பதினான்கு வருடமாகக் காலையில் வந்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டு "எல்லாம் பச்சை" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

கணவர் மாரடைப்பில் போய்ப் பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள்.

"இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வந்திருக்கலாமேம்மா," என்றார் மேலாளர்.

"வீட்ல சும்மாதான் சார் உட்கார்ந்திருக்கேன். இங்கயும் உட்காரத்தானே போறேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நகர்ந்தார். அறுபத்திரண்டும் பச்சை. அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் இல்லை. மேசையில் டீ ஆறி ஏடு படிந்து கிடந்தது.

பதினொரு மணிக்கு வரவேற்பில் இருக்கும் பெண் அழைத்தாள். "அக்கா, மூணு நாளா அப்பாயின்ட்மென்ட் வாங்கினவங்க பாதிப் பேர் வரல. கேட்டா மெசேஜே வரலைங்கறாங்க. டாக்டருங்க என்னைப் போட்டுக் காய்ச்சறாங்க."

"பச்சையாத்தான் காட்டுது."

"உங்க பச்சைய வச்சு நான் என்ன பண்றது? கொஞ்சம் பாருங்கக்கா."

பார்த்தாள். நோயாளிகளுக்கு நினைவூட்டல் அனுப்பும் சேவை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் பதிவில் கடைசி வரி திங்கட்கிழமை மாலை நான்கு மணியோடு முடிந்திருந்தது. எதற்கோ காத்துக்கொண்டு அப்படியே உறைந்து கிடந்தது. சேவை உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் திரை பார்க்கும்; வேலை நடக்கிறதா என்று பார்க்காது.

அனுப்பாத செய்திகள் ஆயிரத்துச் சொச்சம். சேவையை நிறுத்தி, தேதி கடந்தவற்றை நீக்கிவிட்டு, மிச்சத்தில் கண்ணை ஓட்டினாள். கணவரின் பெயர் இருந்தது. வரும் செவ்வாய், காலை பத்து இருபது, கண் பரிசோதனை. நீக்குவதென்றால் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் நாலாவதாக 'நோயாளி இறப்பு' இருந்தது. பட்டியலை மூடிவிட்டுச் சேவையை மறுபடி ஓடவிட்டாள்.

கால் மணி நேரத்தில் மாமியார் அழைத்தார். மகனின் போனை அவர்தான் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அவனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ் வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை வரச் சொல்றாங்க."

"ஆமா அத்தை."

"என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம்."

"எனக்கும் கண்ணு மங்கலாத்தான் இருக்கு. அந்த நேரத்தை எனக்கு மாத்திக் குடுப்பாங்களா? வீணாப் போகுதே."

"கேட்டுச் சொல்றேன் அத்தை."

பிற்பகலில் திரையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: கடைசியாக வேலை செய்த நேரம். உடனே இதேபோல் உறைந்து கிடந்த இன்னும் இரண்டு சேவைகள் மாட்டின. அதில் ஒன்று ஒரு மாதமாக எதுவுமே செய்திருக்கவில்லை. மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். "சரி சார்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை இருவரும் போனார்கள். மாமியாரின் இடது கண்ணில் புரை தொடங்கியிருந்தது. இப்போதைக்குக் கண்ணாடி போதும் என்றார் டாக்டர். கடையில் ஏழெட்டு ஃபிரேம்களைப் போட்டுப் பார்த்தார் மாமியார்.

"இது எப்படிம்மா இருக்கு? முழிக்கிற மாதிரி இருக்கா?"

"நல்லா இருக்கு."

"நீ எங்க பார்த்த? வாசலையில்ல பார்த்துட்டிருக்க."

அவள் திரும்பினாள். ஃபிரேம் மூக்கில் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

"பெரிசா இருக்கு அத்தை. வேற போடுங்க," என்றாள்.