பட்டி பூசாத மட்கார்டு

தகட்டைத் தொடுவதற்கு முன் மயில்வாகனம் சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுப்பார். ஒரு காலத்தில் அரக்கு நிறமாக இருந்த துண்டு. அதைத் தகட்டின் மேல் விரித்து, உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தோளிலிருந்து கையை நகர்த்துவார். மணிக்கட்டு அசையாது. வெறுங்கை தகட்டில் பிடித்துக்கொள்ளும்; பட்டு வழுக்கும், வழுக்கும்போது அடியில் இருக்கிற மேடும் பள்ளமும் கைக்குத் தெரியும். தெரிந்த இடத்தில் இடது புருவம் லேசாக ஏறும். அங்கே சாக்கட்டியால் ஒரு சுழி போடுவார்.

புருவம் ஏறுவது நின்றுபோனதை முதலில் கவனித்தவள் அவர் மனைவி அம்சவேணி.

ஐயம்பேட்டையில் வீட்டின் முன்பக்கம் அவருடைய டிங்கர் பட்டறை, பின்பக்கம் அவளுடைய தறி. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் குடும்பம் நடத்தியதில் இருவருக்குமே குரல் பெரிதாகிவிட்டது. நெசவுக்காரன் பிள்ளை தகரம் தட்டப் போனதைச் சொந்தக்காரர்கள் கேலி செய்து அலுத்துவிட்டார்கள். பழைய கார்களுக்குக் கடையில் கிடைக்காத மட்கார்டையும் கதவையும் வெறும் தகட்டிலிருந்து தட்டி எடுப்பவர் என்று அவருக்குப் பெயர். அதைவிடப் பெரிய பெயர், பட்டி வைக்கமாட்டார் என்பது. தட்டி வராத பள்ளத்தைப் பட்டி பூசி அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள் மற்றவர்கள். பட்டி கனமாக இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டாது. மயில்வாகனம் வண்டிக்காரர் கையில் தானே காந்தத்தைக் கொடுத்து, தேடிப் பார்க்கச் சொல்வார். பட்டி விற்கிறவன் அண்ணனைப் பார்த்தால் எதிர்ச் சாரியில் போகிறான் என்று பெயிண்டர் குரு சிரிப்பான்.

சர்க்கரை முதலில் பாதத்தை மரத்துப்போகச் செய்தது, பிறகு விரல்நுனிகளை. கொதிக்கிற செம்பை அவர் சாதாரணமாகத் தூக்கியபோது அம்சவேணிக்குப் புரிந்துவிட்டது. இருவரும் அதைப் பேசவில்லை. ஒருநாள் தறிப்பக்கம் வந்து நின்று, சும்மா தகட்டில் ஒரு கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அன்றிலிருந்து பட்டுத் துண்டு அவள் கைக்கு மாறியது. அறுந்த இழையைப் பார்க்காமலே பிடிக்கிற விரல்கள். அவள் மேடு என்றால் மேலிருந்து தட்டுவார், பள்ளம் என்றால் உள்ளிருந்து.

முசரவாக்கம் மாணிக்கவேலின் அப்பா ஓட்டிய மோரிஸ் காரில் முன்பக்க மட்கார்டு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. புதிதாகவே அடிக்க வேண்டும். தகட்டை மணல் மூட்டை மேல் போட்டுக் மரக் கொட்டாப்புளியால் அடித்துக் குழிக்கும்போதே அவருக்குத் தோள் விட்டுப்போயிற்று. சோறு பிசையக் கை எழாமல் ஸ்பூன் கேட்டார். இதுதான் கடைசி வண்டி என்றார். கடைசி வண்டியிலும் பட்டி ஏறக் கூடாது என்பது, சொன்ன பிறகு, தோள்மேல் இன்னொரு பாரமாக உட்கார்ந்துகொண்டது.

ஒரே ஓர் இடம் வரவில்லை. விளக்குக்கு மேலே, வளைவு திரும்புகிற இடம். அவள் பள்ளம் என்றாள், தட்டினார். மறுபடியும் பள்ளம். சாயங்காலம் அவள் கை வைத்தபோது, வெற்றிலைக் கனத்துக்கு, அது அங்கேயே இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சுத்தியலைக் கீழே வைக்கவும் இல்லாமல் தூக்கவும் இல்லாமல் அவர் நின்றிருந்தார்.

"இன்னா சொல்லுது?"

"சரியா இருக்குது. எறக்கி வைங்க."

"நல்லா பாத்தியா?"

"எத்தினி வாட்டிதான் தடவறது? இன்னா, கோயில் யானையா இது?"

அவர் சிரித்தார். சிரிப்பு தோளில் வலித்தது.

மறுநாள் காலை, துரு ஏறாமலிருக்க டீசலால் துடைத்து, மட்கார்டை வழக்கம்போல வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு ஷேர் ஆட்டோவில் தானே கொண்டுபோய்க் குருவிடம் இறக்கிவிட்டு வந்து படுத்தார். அவர் தூங்கியதும் அம்சவேணி, தறிக்குப் பாவு நூல் கேட்டு வருவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"இங்க," என்று குருவுக்கு விரல் வைத்துக் காட்டினாள். "லேசா ஒரு பூச்சு. காந்தம் புடிக்கணும். அவருக்குத் தெரியக் கூடாதுப்பா."

குரு அந்த இடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். வழக்கமான கேலி வரவில்லை. "செரிக்கா," என்றான்.

வண்டி எடுக்க வந்த மாணிக்கவேல் துணி சுற்றிய காந்தத்தை மட்கார்டில் அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தார். விளக்குக்கு மேலே கை போனபோது அம்சவேணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். காந்தம் ஒட்டியது. பட்டியே இல்லையே என்று அவர் வியந்தபோது மயில்வாகனம் மனைவியைப் பார்த்தார்.

"எல்லாம் இவ கைதாங்க."

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். அதன்பின் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. பின்பக்கம் தறி ஓடுகிறது. சத்தமாகப் பேசுகிற பழக்கம் மட்டும் இருவருக்கும் போகவில்லை.

குரு வெகுநாள் கழித்துச் சொன்னதுதான் இது. மட்கார்டை இறக்கிய காலையிலேயே மயில்வாகனம் விளக்குக்கு மேலே சாக்கட்டியால் ஒரு சுழி போட்டு, லேசாகப் பூசிவிடும்படியும், வேணிக்குத் தெரியவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் படியேறி வருவதைப் பார்த்துத்தான் குரு அவசரமாக அந்தச் சுழியைத் துடைத்தானாம்.