முன் சீட்டும் மாம்பழ வாசனையும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, யாரையும் கலந்தாலோசிக்காமல், மலைக்குப் போகும் ஷேர் ஜீப்பில் முன் சீட்டில் உட்காருவது என்று முடிவெடுத்தேன்.

(வரலாறு இதை எப்படிப் பதிவு செய்யும் என்று தெரியவில்லை.)

நெல்லிவாசல் பக்கம் போகிற எங்கள் ஜீப்பில் முன் சீட் யாருக்கும் நிரந்தரம் இல்லை. பாதி வழியில் ஒரு ஏற்றம் வரும். ஆள் பாரத்தோடு ஜீப் அதில் ஏறாது. எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். காலி ஜீப் மேலே போய்க் காத்திருக்கும். யார் முதலில் மேலே வருகிறார்களோ, மீதி வழிக்கு முன் சீட் அவர்களுக்கு!

தேர்தலைவிட நேர்மையான ஏற்பாடு.

அந்த சீட் வழக்கமாகத் தினேஷுக்குத்தான் போகும். பத்தொன்பது வயது. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ். அதற்கடுத்த வாரம் ஓட்டத் தேர்வு.

போன வருடம் அவன் அந்த ஏற்றத்தில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஜீப்புக்குப் பக்கத்திலேயே ஓடியபடி, ஜன்னல் வழியாக டிரைவர் முனுசாமிக்கு முந்தின நாள் கிரிக்கெட் மேட்சைச் சொல்லிக்கொண்டே வந்தான். மூச்சு வாங்கியது ஜீப்புக்குத்தான்!

அந்தச் சனிக்கிழமை பின் சீட்டில் தினேஷ், அவன் அக்கா செல்வி, செல்வியின் மடியில் குழந்தை, குழந்தையின் மடியில் ஒரு ஷூ டப்பா. தம்பியின் ஓட்டத்துக்காகச் செல்வி திருப்பத்தூரில் வாங்கியது.

வண்டி கிளம்பியதும், பாட்டுப்பெட்டியில் ஏதோ சொருகியிருப்பதை முனுசாமி பார்த்தார்.

"யார்தும்மா இந்த பென்டிரைவு?"

"என்துதாண்ணா" என்றான் தினேஷ், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

முனுசாமி எல்லாப் பட்டனையும் அமுக்கினார்.

"இன்னாடா தினேசு, பாட்டே வர்ல?"

"பழசுண்ணா. லேட்டாவும்."

"லைட்டு மட்டும் எரியுது. டீசரோட நிறுத்திட்டான் போல."

ஏற்றம் வரை அம்மன் பாட்டைத் தேடிக்கொண்டே ஓட்டினார். ஏற்றத்தில் எல்லோரும் இறங்கினோம். தினேஷ் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கடைசியாக இறங்கினான்.

கொஞ்ச தூரம் நடந்ததும் செல்வி நின்றாள்.

"சார், மாம்பழ வாசன வர்ல? இது புளி சீசனாச்சே!"

இருவரும் திரும்பிப் பார்த்தோம். தினேஷ் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு மேகம் போய்க்கொண்டிருந்தது. கையில் அதே பென்டிரைவ், அதன் நுனி உதட்டில்.

"இன்னாடா அது வாயில?"

"ஒண்ணும் இல்லக்கா. வேப்பு. வெறும் ஆவி."

"ஆவி வேணும்னா வூட்ல இட்லி சட்டியாண்ட நில்லு! இத்த இன்னாத்துக்குடா உறிஞ்சற?"

"பீடி, சிகரெட்டு மாதிரி இல்லக்கா. எரியறதே இல்ல. பசங்க எல்லாரும் இழுக்கறானுங்க."

"பசங்க எல்லாரும் உனுக்கு பதிலா ஓடப் போறானுங்களா?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ பாரு. நீ வர்றதுக்குள்ள முன் சீட்டுல குந்திக்கினு இருப்பேன்!" என்று கிளம்பினான்.

முதல் வளைவு வரை பழைய தினேஷ்தான். கண் கொள்ளாக் காட்சி!

இரண்டாவது வளைவில் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றான். இருமல் நிற்கவில்லை. நெஞ்சு ஒரு பக்கம் அடிக்க, மூச்சு இன்னொரு பக்கம் காற்றைத் தேடிக்கொண்டிருந்தது.

இடுப்பில் குழந்தை, கக்கத்தில் ஷூ டப்பா, வாயில் தம்பிக்கான வசவு. மூன்றையும் கீழே வைக்காமல் செல்வி அவனைத் தாண்டிப் போனாள். ஒரு வார்த்தைகூட மூச்சில் உடையவில்லை. நுரையீரல் என்பது எவ்வளவு பெரிய சொத்து!

அதைவிட வியப்பு, அந்தக் கட்டைவிரல் அளவுப் பொருள். ஏற்றமும் காற்றும் வருடக்கணக்கான பயிற்சியும் சேர்ந்து கட்டிய ஒரு நெஞ்சை, மாம்பழ வாசனையோடு காலி செய்திருக்கிறது. நான் வாயைப் பிளந்து நின்றேன்.

(ஏற்றமும் ஒரு காரணம்.)

அந்த மின் சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை என்பது உண்மை. சூடான நிகோடினும் வாசனை ரசாயனமும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், இதயத்தை விரட்டும் என்பதும் உண்மை. இளம் மூளை நிகோடினுக்குச் சீக்கிரம் பழகிவிடும்; விடுவதற்குத்தான் நாளாகும். நம் நாட்டில் இதை விற்கவே தடை. ஆனாலும் மலை ஏறி வந்துவிடுகிறது, ஜீப்பைவிடச் சுலபமாக.

அது சார்ஜ் ஏறத்தான் பாட்டுப்பெட்டியில் சொருகியிருந்தது என்று மேலே தெரிந்ததும் முனுசாமி அதிர்ந்துபோனார்.

"அடப்பாவி! இதுலயாடா நான் அம்மன் பாட்டு தேடுனேன்!"

செல்வி கையை நீட்டினாள். "குடுறா."

"ஓட்டம் முடிஞ்சதும் உட்டுடறேன்க்கா."

"ஓடறதுக்குத்தாண்டா உடணும்."

கொடுத்துவிட்டான். முன் சீட்டில் செல்வி, குழந்தை, ஷூ டப்பா. என் முடிவு ரத்தாகி, பின் சீட்டில் தினேஷுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் அவன் வலது கை சட்டைப்பைக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனது. அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கை போவதே அவனுக்குத் தெரியவில்லை!

இறங்கும்போது அக்காவிடம் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, ஒரே ஒரு தபா இழுத்துக்கறேன்."

அடுத்த வாரம் வேலூரில் ஓட்டத் தேர்வு நடந்தது. புது ஷூவோடு போன தினேஷ் மூன்றாவது சுற்றில் மூச்சு முட்டி நின்றுவிட்டான். அடுத்த தேர்வுக்கு இன்னும் அறிவிப்பு வரவில்லை.