ஸ்டோர்லி மேட்டுக் கயிறு

எங்கள் பள்ளத்தாக்கில் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பதெல்லாம் கோடையில்தான். குளிர்காலத்தில் தொப்பிக்கும் கழுத்துத் துணிக்கும் நடுவே இரண்டு கண்கள், அவ்வளவுதான் மனிதர். பனியில் பலகை கட்டிச் சறுக்கிப் போகிற தினுசைப் பார்த்து இன்னார் என்று சொல்லிவிடுவோம். ராக்னாவை மட்டும் யாரும் தனியாகச் சொன்னதில்லை. "அதோ ஹால்வரும் ராக்னாவும்" என்பார்கள். அவன் முன்னால், அதே தடத்தில் அவள் பின்னால், அவன் கோல் ஊன்றும்போது அவளும் ஊன்றுவாள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதில் தன்னுடையது எது என்று அவளுக்கே தெரியாது.

ராக்னாவோடு ஒரே வீட்டில் வாழ்ந்த ஹால்வர், போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் தூரித் என்பவளின் வீட்டுக்கே குடிபோய்விட்டான். சண்டையில்லை, சத்தமில்லை. தன் பனிச்சறுக்குப் பலகைகளை எடுத்துக்கொண்டு போனான். ராக்னா பனியகற்றும் வண்டி ஓட்டுகிறவள். மலைச்சாலையில் நாளெல்லாம் வானொலி பேசும், அவள் கேட்பாள். வீட்டுக்கு வந்தாலும் அதே வானொலிதான். சில நாட்களில் தன் குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கடைக்குப் போய், தேவையில்லாத சீஸ் கட்டி ஒன்றை வாங்கி வருவாள். அதற்குத் தனிமை என்றுதான் பெயர். நாசூக்காக வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

மார்ச்சில் மலையைத் தாண்டும் நெடும்பந்தயம் வந்தது. இந்த முறை தனியாகப் பெயர் கொடுத்தாள். ஒரு தடவையாவது யார் முதுகையும் பார்க்காமல் முடித்துவிட வேண்டும், அது தன்னால் ஆகும் என்று தனக்குத் தெரிய வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

இங்கேதான் எங்கள் ஆட்களுக்கே உரிய புத்தி வேலை செய்தது. பலகையின் நடுவில் பிடிமெழுகு பூசினால் ஏற்றத்தில் பின்னால் வழுக்காது, காலால் எட்டித் தள்ளி ஏறிவிடலாம். ஆனால் சமதளத்தில் அது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். இப்போது ஜெயிக்கிற இளசுகள் அதைத் தொடுவதேயில்லை. இரண்டு கோல்களையும் சேர்த்து ஊன்றி, கையாலும் வயிற்றாலும் கடைசிவரை தள்ளியே போய்விடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, மெழுகு பூசினால் கிழடு என்று சொல்லிவிடுவார்களோ என்று ஐம்பதைத் தாண்டியவர்களும் வெறும் பலகையோடு கிளம்பிவிடுகிறார்கள்.

"மெழுகு போட்டாச்சா?" என்று முந்தின நாள் வண்டிக் கொட்டகையில் கேட்டான், கூட வேலை செய்யும் ஸ்டைனர்.

"போடல."

"அடிப்பாவி! ஸ்டோர்லி மேட்டை எதை வெச்சு ஏறுவ? வாயை வெச்சா?"

"அது நீ ஏறுற விதம்."

"கிண்டல் பண்ணாத. உச்சியில மூணு மணிக்குக் கயிறு கட்டி வழியை அடைச்சிருவாங்க. லேட்டானா பஸ்தான். ஆமா, இந்த வருஷம் கயிறு யார் கையிலன்னு தெரியுமா?"

"தெரியும்."

"ஓ. அவன் கண்ணு முன்னாடி சும்மா பறந்து காட்டணும், அதுக்குத்தானா?"

ராக்னா மெழுகு பூசாதது அதற்குத்தான்.

முதல் பாதி ஜோராகப் போனது. உடம்பின் பாரமெல்லாம் கோல்மேல் விழும், வயிறு இழுக்கும், இடுப்பு மறுபடி உயர்ந்து நிற்கும். ஒரே தள்ளலில் நெடுந்தூரம் சறுக்கினாள். ஆனால் எது தன் வேகம் என்று தெரியாததால், கடந்து போகிறவன் வேகத்தையெல்லாம் தன்னுடையதாக்கிக்கொண்டாள்.

அசதி வந்ததும் முதலில் இடுப்பு இறங்கியது, நாற்காலியில் உட்காரப் போகிறவளைப் போல. இடுப்பு இறங்கினால் பாரம் கோலுக்குப் போகாது, வயிற்றின் வேலை கையின் தலையில் விழும். கையும் சோர்ந்தபோது கோல்கள் முன்னால் விழாமல் பாதத்துக்குப் பின்னால் விழுந்தன. நிமிர நேரமில்லாமல் குனிந்தபடியே அடுத்த தள்ளல். சறுக்கும் தூரம் குறைந்ததால் அடிக்கடி தள்ளினாள், அடிக்கடி தள்ளியதால் இன்னும் சோர்ந்தாள். தெரியாமல் இல்லை, எல்லாம் தெரிந்தது. சொன்னால் கேட்கிற உடம்புதான் அங்கே இல்லை.

"இடுப்பைத் தூக்கு" என்று வாய்விட்டே சொன்னாள். ஹால்வர் திரும்பிப் பார்க்காமலே கத்துவானே, அதே தொனி. தன் வாயிலிருந்தும் அவன்தானா என்று கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஸ்டோர்லி மேட்டில் கைகள் முற்றாகக் கைவிட்டன. காலால் எட்டித் தள்ளிப் பார்த்தாள். மெழுகில்லாத பலகை பின்னால்தான் போனது. பலகைகளின் நுனியை அகல விரித்து, மீன்முள் போலத் தடம் பதித்து, ஒவ்வோர் அடியாக ஏறினாள். மெழுகு பூசிய கிழவர் ஒருவர், அடுத்த பள்ளத்தாக்குக்காரர், நிதானமாக அவளைத் தாண்டினார்.

"விடாதம்மா ராக்னா! எங்க ஹால்வர்? முன்னாடி போயிட்டானா?"

"ஆமா. ரொம்ப முன்னாடி."

உச்சி தெரிந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. கயிற்றின் ஒரு முனை பிர்ச் மரத்தில், மறுமுனை ஹால்வர் கையில். நடுவில் அது பனியில் கிடந்தது. அவன் அதைத் தூக்கவில்லை.

"மணி ஆயிடுச்சு ஹால்வர்" என்று சூப் கொடுக்கும் மேசையிலிருந்து யாரோ சொன்னார்கள்.

"என் வாட்ச்ல ஆகல" என்றவன் அவளைப் பார்த்துக் கத்தினான். "வா, வா! நேரம் இருக்கு!"

இன்னும் நாலு எட்டுதான். அவனுக்குத் தன்மேல் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். அதுதான் அவளை நிறுத்தியது. கயிற்றுக்கு இந்தப் பக்கமே கோல்களை ஊன்றி நின்றுவிட்டாள்.

"கட்டு."

"பைத்தியமா உனக்கு? தாண்டு. யாரும் பார்க்கல."

"நான் பார்க்கறேன்ல."

"ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆனா என்ன ராக்னா?"

"நீ காத்திருந்தா இதுவும் நம்ம ரெண்டு பேரோட பந்தயம் ஆயிடும். எனக்கு வேண்டாம். கட்டு, ஹால்வர்."

அவன் கயிற்றைத் தூக்கினான். கையுறையோடு முடிச்சு விழவில்லை. கழற்றிவிட்டு, வெறுங்கையால் கட்டினான். கட்டி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்று பார்த்தாள்.

பஸ்ஸில் ஒரு பெண் போர்வை கொடுத்தபடி, நின்றுபோனவர்களின் வீட்டுக்குத் தகவல் சொல்ல ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு யார்கிட்டம்மா சொல்லணும்?"

"யாரும் இல்ல" என்றாள் ராக்னா.

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. பிறகு போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு, பஸ் ஊர் வந்து சேரும்வரை அழுதாள்.