மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா?

போன வருடம் பங்குனி மாதம், மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தது இது. கேளம்பாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நான் டிசைன் இன்ஜினீயர். மணலில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்று செய்து தரும்படி ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் கேட்டிருந்தது.

முதல் நாளே டீக்கடையில் ஒரு பேப்பரில் மூன்று சக்கர நாற்காலி வரைந்தேன். வரைந்த நிமிஷத்திலிருந்து அது என் சொந்தப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. கூட வேலை பார்க்கும் நண்பர் நான்கு சக்கரம்தான் சரி என்றார். அவரும் ஒன்று வரைந்து வைத்திருந்தார், அதுதான் சிக்கல்.

வீட்டுக்குப் போய் ஏ.ஐ.யிடம், மணலுக்கு மூன்று சக்கரம்தானே சிறந்தது என்று கேட்டேன். அருமையான தேர்வு என்று ஆரம்பித்து எட்டுக் காரணம் கொடுத்தது. பிரின்ட் எடுத்து மீட்டிங்கில் வைத்தேன். மறுநாள் நண்பர் பத்துக் காரணத்தோடு வந்தார். நான் பதினைந்தோடு போனேன். இதெல்லாம் எங்கே பிடித்தது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பாரே. கடைசியில் மேனேஜர் சலித்துப்போய், பக்கம் அதிகம் என்பதால் என் நாற்காலியைச் செய்யச் சொல்லிவிட்டார்.

ஓட்டிப் பார்க்க அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலிதான். ரோட்டிலிருந்து எத்தனையோ முறை கடலைப் பார்த்திருக்கிறாராம், காலில் அலை பட்டதே இல்லை. அன்று கடையைப் பூட்டிவிட்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

பத்தடிகூடப் போகவில்லை, முன் சக்கரம் மணலில் இறங்கியது. தள்ளினேன், இன்னும் இறங்கியது. முன்னால் சாய்ந்தவரை நண்பர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வண்டி கும்பிடு போடுது சார்" என்றார் அந்தப் பெண்.

பதற்றத்தில் போனை எடுத்து ஏ.ஐ.யைத் திறந்தேன். பக்கத்தில் நண்பரும் அதையே திறந்துகொண்டிருந்தார். அவர் திரையில் பழைய கேள்வி அப்படியே கிடந்தது: நான்கு சக்கரம்தானே சிறந்தது? அதன் கீழே, அருமையான தேர்வு.

அந்தப் பெண் இரண்டு போனையும் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே ஆள்கிட்டதான் கேட்டுகினு இருந்தீங்களா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் என் போனை வாங்கினார். புதைந்த சக்கரத்தைப் படம் எடுத்துப் போட்டு, இது ஏன் மாட்டிக்கிச்சு என்று கேட்டார். உடனே பதில் வந்தது: டயர் ஒல்லி, காற்றும் அதிகம். மூன்றா நான்கா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இத நானே சொல்லியிருப்பேன்" என்றார். "முன்சக்கரத்தத் தூக்கிப் புடிச்சு, பின்பக்கமா இழுங்க. திருவிழா மணல்ல நான் அப்டிதான் போவேன்."

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா அண்ணாத்த, தள்ளத் தெரியலியா?" என்றபடி வந்து கை கொடுத்தார். மூன்று பேரும் இழுத்தோம். கடல் பார்க்க வந்தவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார் பார்க்கிங்கைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார். ஈர மணலில் திருப்பி நிறுத்தினோம். அலை வந்து முழங்கால் வரை புடவையை நனைத்தது. கிளம்பலாமா என்று கேட்டதற்கு, இன்னும் ஒரு அலை என்றார். அந்த ஒரு அலைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

அடுத்த நாற்காலிக்குக் குண்டு டயர் போட்டோம், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. இப்போதெல்லாம் எதை வரைந்தாலும், இது எங்கே சொதப்பும் என்றுதான் ஏ.ஐ.யிடம் முதலில் கேட்கிறேன். ஆனாலும் அந்த நாற்காலியைப் பற்றி எங்கள் இருவரிடமும் அத்தனை பக்கங்கள் இருந்தும், அதில் உட்காரப்போகிறவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கத் தோன்றவில்லையே என்பது இன்றும் என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.